வெற்றிலை ஈரமும் மெரூன் சாயமும்: 120 தாம்பூலப் பைகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில் நானும் என் மைனியும் வீட்டிலிருந்தே துணிப் பை தைத்துக் கொடுக்கிறோம். இரண்டு மிஷின், வெட்டுவதற்கு ஒரு நீள மேசை, அவ்வளவுதான் எங்கள் தொழிற்சாலை. போன சித்திரையில் ஒரு கல்யாண வீட்டு ஆர்டரில் எங்களுக்கு நேர்ந்ததை ஆரம்பத்திலிருந்து இங்கே எழுதுகிறேன். அச்சுத் துணியின் அழகில் மனம் போய் வாங்கிப் பை தைக்கிற யாருக்கும் இது நேரலாம். நாங்கள் எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்று தெரிந்தால், அந்த இடம் வரும்போது அவர்கள் கொஞ்சம் நின்று பார்ப்பார்கள்.

ஆர்டரும் கணக்கும்

கேட்டது 120 தாம்பூலப் பை. நிச்சயதாம்பூலத்துக்கு 24, அதிலிருந்து 26 நாள் கழித்து வருகிற கல்யாணத்துக்கு 96. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தூக்குப் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. எங்களிடம் துணிப் பை கேட்டு வருகிற கல்யாண வீடுகள் அதன்பிறகு நன்றாகவே கூடியிருக்கின்றன. இந்த வீட்டில் பெண்ணின் அம்மா தெளிவாகவே சொன்னார்: "வெறும் மஞ்சப்பை வேண்டாம்மா. வாங்கிட்டுப் போனவுக மறுநாள் அதையே தூக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போவணும், அம்புட்டு அழகா இருக்கணும். உள்ள ஒரு பிளாஸ்டிக் கவர்கூடக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் குறித்துக்கொண்டோம். அதற்குள் என்ன இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை.

பை 9 இன்ச் அகலம், 11 இன்ச் உயரம், அடியில் 3 இன்ச் கனம். தேங்காய், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு பிளவுஸ் பிட் இவ்வளவும் கொள்ள வேண்டும். தையல் விளிம்பெல்லாம் சேர்த்து ஒரு பக்கத் துண்டு 13க்கு 13½ வரும். 44 இன்ச் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், குறுக்காக மூன்று துண்டு விழும்; 27 இன்ச் நீளத்துக்கு மூன்று பை. மூன்று டிசைனில் நாற்பது நாற்பதாகத் தைப்பது என்று பேசி, ஒவ்வொன்றிலும் 10 மீட்டர் எடுக்க முடிவு செய்தோம். உள்ளே லைனிங்குக்கு வெளுக்காத காடாத் துணி, பிடிக்குப் பருத்தி நாடா. பை ஒன்று 110 ரூபாய்.

அடித் தையலே இல்லாமல் முன்னும் பின்னும் ஒரே நீளத் துண்டாக மடித்துத் தைத்தால் வேலை குறையும். ஆனால் அச்சில் தலை மேல், கால் கீழ் என்று திசை இருந்தால் பையின் ஒரு பக்கத்தில் உருவம் தலைகீழாகத் தொங்கும். நாங்கள் எடுத்த மெரூன் துணியில் கிளிகள் இருந்தன. அதனால் முன் துண்டு வேறு, பின் துண்டு வேறு என்று வெட்டினோம்.

ரத வீதியில்

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் துணி பார்ப்பது எனக்கு எப்போதும் பிடித்த வேலை. வாசலில் பெரிய பெரிய போர்டு வைத்த கடைகளைவிட, துணியை முழு முழுச் சுருளாக, தான் தானாக அடுக்கி வைத்திருக்கிற குறுகலான கடைகளில்தான் எனக்குக் கால் நிற்கும். அண்ணாச்சி மேல் அடுக்கிலிருந்து ஒரு தானை உருவி, அதைக் கட்டைமேல் தட்டி, தட்டிய வேகத்திலேயே இரண்டு மீட்டர் உருள விடுவார். அச்சு அப்படி விரிகிற அந்த ஒரு நொடியில் நாம் விழுந்துவிடுகிறோம். உடுப்புக்கு வாங்குகிறவர்கள் விழுந்தால் பரவாயில்லை. பைக்கு வாங்குகிறவர்கள் விழக்கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

நீலத்தில் வெள்ளைப் புட்டா போட்ட கட்டை அச்சுத் துணி ஒன்று, பச்சையில் பொடி இலை ஒன்று. இரண்டையும் சீக்கிரமே எடுத்துவிட்டோம். மூன்றாவதுதான் அந்த மெரூன். சந்தன நிறத் தளத்தில் அடர் மெரூன் கொடி, கொடியில் எதிரெதிராக உட்கார்ந்த கிளி ஜோடி. மூக்கு மட்டும் கருஞ்சிவப்பு. கிளியின் கழுத்தில் மூன்று கோடு. அதில் நடுக்கோடு மட்டும் விட்டு விட்டுப் போயிருக்கும், கையால் இழுத்த மாதிரி. மைனி அதைப் பார்த்ததும் மீட்டர் விலையைக்கூடக் கேட்கவில்லை. டேப்பை எடுத்து அளந்தார்: நீளவாக்கில் ஒரு ஜோடியிலிருந்து அடுத்த ஜோடிக்குச் சரியாக 14 இன்ச். எங்கள் துண்டு 13½. வரிசைக்கு அரை இன்ச் விட்டுக்கொடுத்தால் எல்லாப் பையிலும் கிளி நடுவில் உட்காரும், 10 மீட்டரில் 40 பையும் அடங்கும்.

"அண்ணாச்சி, சாயம் போகுமா?" என்று கேட்டேன்.

"போவாதுக்கா. ரெண்டு வருசமா இதத்தான் விக்கேன். கலம்காரி மாடல், கலர் நிக்கும்."

அவர் 'மாடல்' என்று சொன்னது நேர்மைதான். அதை நான்தான் காதில் வாங்கவில்லை. மசூலிப்பட்டினத்துக் கலம்காரி மரக்கட்டையால் அச்சிடுவது. காளத்தியில் கலம் என்ற எழுதுகோலைப் பிடித்துக் கையால் வரைவார்கள். துணியைக் கடுக்காயில் நனைத்து, வெல்லத்தோடு புளிக்க வைத்த இரும்பில் கறுப்பு எடுத்து, படிகாரம் இட்ட இடத்தில் சிவப்பு ஏற்றுவார்கள். அந்தச் சிவப்புக்கு ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை மணலில் வளரும் சாயவேரைத் தோண்டி எடுத்தார்கள். இம்பூறல் என்றும் அதற்குப் பெயர். அந்த வேலையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓடுகிற தண்ணீரில் போட்டு அலசுவது உண்டு. கடைக்கு வருமுன் அந்தத் துணி பலமுறை நனைந்து காய்ந்திருக்கும். நாங்கள் வாங்கியதோ அதே மாதிரி தெரிகிற ஸ்கிரீன் பிரிண்ட். கையில் மொடமொடவென்று இருந்தது. அதையும் நாங்கள் நல்ல துணியின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து துணியை நனைத்துக் காயப்போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். அது எங்களுக்குத் தெரியாததல்ல; சுடிதார் தைக்கிற காலத்தில் ஒருநாளும் தவறியதில்லை. இந்தத் தடவை விட்டோம். நனைத்தால் மொடமொடப்பு போய்விடும், பை துவண்டு நிற்கும். அதைத் திரும்பக் கொண்டுவரக் கஞ்சி போட வேண்டும். துணி சுருங்கினால் 14 இன்ச் கிளிக் கணக்கு தப்பிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாம்பூலப் பையை யார் துவைக்கப் போகிறார்கள் என்று நினைத்தோம். எங்கள் தவறு முழுவதும் இந்த ஒரு எண்ணத்தில்தான் இருக்கிறது. பையைத் துவைக்க மாட்டார்கள், சரி. ஆனால் பை நனையும்.

நிச்சயத்தன்று

மதியம் இரண்டு மணிக்கு அந்த வீட்டில் 24 பைகளையும் நிரப்பி வைத்துவிட்டார்கள். சித்திரை வெயில், வெற்றிலை வாடக் கூடாது. கட்டைப் பிரித்துத் தண்ணீர் தெளித்து, உதறாமல் அப்படியே பைக்குள் வைத்து, மேலே தேங்காயையும் பழத்தையும் வைத்தார்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம் என்று சொன்ன வீடு அல்லவா, வெற்றிலைக்கும் துணிக்கும் நடுவில் ஒன்றுமில்லை. பைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு காற்றில்லாத அறையில் இருந்தன. எடுத்துக் கொடுத்தது ஏழு மணிக்கு.

மறுநாள் காலை பெண்ணின் அம்மா போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. "சம்பந்தி வீட்டு அத்தை பையை மடியில வெச்சிட்டு உக்காந்திருந்தாக. இளமஞ்சள் பட்டு. சேவப்பா ஒரு கறை. நீ வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். கறை கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஆனால் மடிப்பு விழுகிற முன்பக்கத்தில், யார் கண்ணுக்கும் முதலில் படுகிற இடத்தில். பையைத் திறந்து உள்ளே பார்த்தால் காடா லைனிங்கில் கிளியின் நிழல் அப்படியே இறங்கியிருந்தது, கழுத்துக் கோடுகூடத் தெரிந்தது. கொடுத்த மெரூன் பைகள் எட்டில் ஐந்தைத் திரும்ப வாங்க முடிந்தது. ஐந்திலும் லைனிங் சிவந்திருந்தது. நீலத்தையும் பச்சையையும் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

சோதித்துப் பார்த்தது

அன்றைக்கே தையலை நிறுத்தினோம். மெரூனில் மேலும் 20 பையும், நீலத்தில் 12 பையும் அதற்குள் தைத்து முடிந்திருந்தன. மூன்று துணியிலும், கூடவே காடாவிலும், கையளவு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டோம்.

முதல் சோதனை ஈரம். அச்சுத் துண்டோடு பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றைச் சேர்த்து நனைத்து, இரண்டு எவர்சில்வர் தட்டுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றி வைத்தோம். துணி ஆய்வகங்களிலும் ஏறக்குறைய இதே முறைதான்: நனைத்த மாதிரியை வெள்ளைத் துணியோடு சேர்த்து அழுத்தி, 37 டிகிரி சூட்டில் 4 மணி நேரம் வைத்து, வெள்ளையில் ஏறிய கறையை 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள், 5 என்றால் கறையே இல்லை. இதைப் படித்தபோது எனக்குப் பக்கென்றது. சித்திரை வெயிலில் மூடிய அறை, தேங்காய் பாரம், ஈர வெற்றிலை, ஐந்து மணி நேரம். ஆய்வகம் செய்கிற சோதனையைக் கல்யாண வீடு ஒரு பட்டுச் சேலையை வைத்துச் செய்து முடித்துவிட்டது.

தட்டைத் திறந்தபோது மெரூன் பக்கத்து வேட்டித் துண்டு குங்குமம் கொட்டிய மாதிரி இருந்தது. பச்சையில் ஒன்றுமில்லை. அது பிக்மென்ட் அச்சு. சாயம் துணிக்குள் போகாமல் பசையோடு மேலே ஒட்டி நிற்கும், திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெளுத்திருக்கும். ஈரத்துக்கு அது அசையவில்லை. நீலத்திலும் ஈரத்தில் சாயம் இறங்கவில்லை. ஆனால் வெள்ளைத் துணியை விரலில் சுற்றிப் பத்துத் தடவை தேய்த்தபோது விரல்நுனி நீலமானது. அவுரி நீலம் இழையின் மேற்புறத்தில் நிற்கிற சாயம், தேய்த்தால் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

இரண்டாவது சுருக்கம். 10 இன்ச்சுக்குப் பேனாவால் கோடு போட்டுத் துவைத்து அளந்தோம். பச்சையும் நீலமும் 9¾, மெரூன் 9½. காடா 9¼. இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வெளித்துணியைவிட லைனிங் கூடுதலாகச் சுருங்கினால் பையின் வாய் உள்பக்கம் இழுத்துக்கொள்ளும். தைத்திருந்த 12 நீலப் பைகளையும் தேய்ப்புச் சாயம் போக அலசிக் காயவைத்தபோது அதுதான் நடந்தது. ஒன்பதை ஈரம் தெளித்து இழுத்துத் தேய்த்துச் சரிசெய்தோம். மூன்று தேறவில்லை.

மெரூனைக் காப்பாற்ற முடியுமா என்றும் பார்த்தோம். பக்கத்து வீட்டு ஆச்சி கல் உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைக்கச் சொன்னார்கள். அந்தத் தண்ணீரில் சாயம் கொஞ்சமாகத்தான் இறங்கியது, ஆச்சிக்கும் சந்தோஷம். மறுநாள் நல்ல தண்ணீரில் போட்டதும் பழையபடி சிவந்தது. உப்பு இருக்கும்வரை சாயம் துணியை விட்டு வரத் தயங்கும், அவ்வளவுதான். அதை இழையோடு பிணைக்க உப்பால் ஆகாது. பிறகு கை பொறுக்காத வெந்நீரில் சோப்புப் போட்டு அலசினோம். முதல் அலசலில் தண்ணீர் சிவந்ததோடு கொழகொழவென்று வழுக்கவும் செய்தது. எங்களுக்குப் பிடித்த மொடமொடப்பு பாதி அந்தப் பசைதான். ஏழாவது தண்ணீர்தான் தெளிந்தது. அதற்குள் மெரூன் செங்கல் நிறமாகி, சந்தனத் தளம் முழுக்க ரோஸ் ஏறிவிட்டது. கல்யாணப் பைக்கு ஆகாது.

வாங்கிய கடைக்கும் போனேன். பில்லின் அடியில் விற்ற துணி திரும்ப எடுக்கப்படாது என்று அச்சிட்டிருந்தது. அதைக் காட்டினார்கள், அதோடு பேச்சு முடிந்தது.

மதுரையில்

காலை ரயிலில் மதுரை போய் விளக்குத்தூண் பக்கம் இறங்கினோம். பையில் ஒரு பாட்டில் தண்ணீர், வெட்டி வைத்த வேட்டித் துண்டுகள், கெட்டுப்போன மெரூனில் ஒரு பிட். முதல் இரண்டு கடையில் தானின் ஓரத்தை நனைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, நனைந்த தானை யார் வாங்குவார்கள்?

மூன்றாவது கடையில் இருந்த பெரியவர் எங்கள் பிட்டை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். எச்சில் தொட்ட விரலால் ஓரத்தில் அழுத்தி எடுத்தார். விரல் சிவந்தது.

"சோப்பிங் பத்தலம்மா. ஆவில வெச்சு சாயத்த ஏத்திட்டாங்க, ஏறாம நின்ன மிச்சத்த அலசாம அனுப்பிட்டாங்க. அலசறதுக்குத்தான தண்ணியும் சுடுதண்ணியும் செலவு."

அவர் சொன்னது ரியாக்டிவ் சாயத்தைப் பற்றி. அது பருத்தி இழையோடு பிணைந்து நிற்பது, நல்ல சாயம்தான். ஆனால் அச்சிட்டதில் ஒரு பங்கு பிணையாமல் துணிக்குள்ளேயே தங்கிவிடும். அதைக் கொதிநீரிலும் சோப்பிலும் அலசி வெளியேற்றினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. எங்கள் கிளிகள் அந்தக் கடைசிக் குளியல் இல்லாமலே கடைக்கு வந்துவிட்டன.

தானை நனைக்க அவரும் விடவில்லை. ஆனால் வழி சொன்னார்: "கால் மீட்டர் வாங்கிக்கங்க. அப்பறம் அது ஒங்க துணி. என்ன வேணா பண்ணுங்க." நான்கு டிசைனில் கால் கால் மீட்டர் வாங்கிக்கொண்டு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பிட்டையும் வேட்டித் துண்டோடு நனைத்து மடித்து, அதன்மேல் சூடான டீ கிளாஸை வைத்தோம். சூடு ஆற ஆற அடுத்த டீ. நான்கு டீ குடித்து முடிப்பதற்குள் இரண்டு துணி கழிந்தது. மூன்றாவதில் லேசான கறை. நான்காவதில் வேட்டித் துண்டு வெள்ளையாகவே இருந்தது. மஞ்சள் தளத்தில் விரல்நுனி அளவு மெரூன் மாங்காய். மூன்று இன்ச்சுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிற அச்சு, எங்கே வெட்டினாலும் தலை போகாது. திரும்பிப் போய் 10 மீட்டர் கேட்டோம். ஒரே தானிலிருந்தே வெட்டச் சொன்னோம், இரண்டு தான் கலந்தால் நிறத்தில் ஒரு சாயல் மாறும். மீட்டர் 170.

கிளி இல்லாதது எனக்கு இன்னும் குறைதான். மாங்காய் லட்சணமாக இருக்கிறது, கல்யாணத்துக்கும் பொருத்தம். ஆனால் அந்தக் கழுத்துக்கோடு அதில் இல்லை.

செலவும் மீதியும்

புதுத் துணியையும் காடாவையும் வெந்நீரில் நனைத்துக் காயவைத்துத் தேய்த்த பிறகே வெட்டினோம். காடா தெருமுனை வரை கொடி கட்டிக் காய்ந்தது. 40 மாங்காய்ப் பை தைத்தோம்: கல்யாணத்துக்கு 32, நிச்சயத்தில் கெட்ட எட்டுக்குப் பதில் எட்டு. தேறாத மூன்று நீலத்துக்குக் கையிருப்புத் துணியில் வேறு மூன்று. கூடுதலாகப் போனது புதுத் துணி 1,700, வீணான காடாவும் நாடாவும் 600, சேலையைச் சுத்தம் செய்ய 450, மதுரை போய் வந்தது 400, ஆக 3,150 ரூபாய். 13,200 ரூபாய் ஆர்டரில் இது சின்னத் தொகை இல்லை. எங்கள் இருவருடைய கூலியில்தான் கழிந்தது. பெண்ணின் அம்மா பேசிய பணத்தில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வாங்குகிற ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டு, அதோடு அழுத்தி எடுத்த வெள்ளைத் துண்டு, 10 இன்ச் துவைத்தபின் எவ்வளவு ஆனது என்ற கணக்கு, மூன்றையும் பக்கத்துக்குப் பக்கம் தைத்து வைக்கிறோம். முதல் பக்கத்தில் இருப்பது கிளி. செங்கல் நிறமாகிப்போன மீதித் துணியில், கறுப்பு லைனிங் கொடுத்து மார்க்கெட் பை தைத்தோம், அழகாகவே வந்தது. பத்தமடைக் கோரைப் பாய் வைத்துத் தைக்கிற கைப்பைகளுக்கும் அச்சு லைனிங் போடுவோம். இந்தச் சோதனையை அதற்கும் செய்யத் தொடங்கியதில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த ஒரு துணி கழிந்தது.

கல்யாணத்தன்று பை நிரப்புகிற இடத்தில் நானும் மைனியும் போய் நின்றோம். வெற்றிலையைத் தண்ணீர் தெளித்து, முறத்தில் பரப்பி, ஈரம் வடிந்த பிறகு வாழை இலைத் துண்டில் சுற்றி வைத்தோம். பந்தலை விட்டுக் கிளம்பும்போது சம்பந்தி வீட்டு அத்தை வந்தார். அதே இளமஞ்சள் பட்டு. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில் கறை நின்றுவிட்டது. நான் நீட்டிய மாங்காய்ப் பையை உடனே வாங்கவில்லை. வாயை விரித்து, உள்ளே கைவிட்டு, லைனிங்கை வெற்றிலை ஈரத்தோடு விரலால் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் வாங்கிக்கொண்டார்.